கொக்கின் இடது தோள்

நாட்டு அணியின் சட்டை கைக்கு வந்த அன்று பசை அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் குடித்தனம் இருக்கும். அதனால் மனைவியிடம் உறையைப் பிரித்துக் கட்டில்மேல் விரிக்கச் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். அடர்ந்த நீலம். யாரோ ஒரு ஏரியை மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டதுபோல் இருந்தது.

"தொட்டுத்தான் பாருங்களேன், கடிக்காது," என்றாள் மனைவி. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணை அளந்து அளந்து, புருஷன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

பசை என்பது அவனுக்கு மைதானம் வைத்த பெயர். பாலத்தடி கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன். எதிரணியில் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் முடியும்வரை உரித்தெடுக்க முடியாது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. படியேறும்போது முட்டி தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது. லிஃப்ட்காரனுக்கு எதற்குப் படி என்று கேட்பவர்கள் உண்டு. லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்கு அவனை யார் கூப்பிடுகிறார்கள்?

நாட்டு அணி என்பது அவன் மாதிரி ஆட்களுக்கு எட்டாத கிளை. வெளிநாட்டில் ஆடிச் சம்பாதிக்கிற பெரிய வீரர்கள், ஆட்டத்துக்கு முதல் நாள் விமானத்தில் வந்து இறங்குவார்கள். சட்டையெல்லாம் அவர்களுக்கே போய்விடும். இந்த ஆண்டு மட்டும் புதிதாக ஒரு போட்டி. அவரவர் நாட்டு உள்ளூர் லீகில் ஆடுகிறவர்கள் மட்டுமே சேரலாம், வெளிநாட்டில் ஆடுகிற ஒருவரும் கூடாது என்பது அதன் விதி. ஊரில் அந்த அணிக்கு உடனே 'வீட்டுச் சாப்பாட்டு டீம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோல்கீப்பர் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். நடுக்களத்தில் ஆடுகிறவன் பல் மருத்துவமனையில் ஊழியன். எல்லோரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல், கொக்கும் அணியில் இருந்தான்.

கொக்கு பஸ் டிரைவர். டிப்போ அணியின் முன்கள வீரன். காலே ஆளாக வளர்ந்தவன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகப் பாலத்தடிக்கும் டிப்போவுக்கும் ஆட்டம் நடந்தால் பசையின் வேலை ஒன்றுதான்: கொக்கை ஆட விடக்கூடாது. அதற்காக அவன் கொக்கை மனப்பாடம் செய்திருந்தான். கொக்கின் இடது தோள் கொஞ்சம் இறங்கினால் வலது பக்கம் பாயப் போகிறான் என்று அர்த்தம். கொக்குக்கே தெரியாத விஷயம் இது. தோள் இறங்கியதும் பசையின் கால் அங்கே போய் நிற்கும். போகலாமா என்று மூளையைக் கேட்கிற வழக்கமெல்லாம் அந்தக் காலுக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

இதில் வீட்டிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்களோடுதான் இருந்தார். டிப்போ அணியென்றால் உயிர். வேலைக் காலத்து விசில் இன்னும் கைப்பையில் இருந்தது. ஆட்டத்தின் நடுவே அதை ஊதி, நடுவரிடம் இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவர். மருமகன் கொக்கைத் தடுத்துவிட்டு வருகிற ஞாயிறு இரவுகளில் சோறு போடுவார், குழம்பைத் தள்ளி வைத்துவிடுவார்.

சட்டை வந்த அன்று அவர் அறை வாசலில் வந்து நின்று நீலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, இனிமேலாச்சும் அந்தப் பிள்ளைய நிம்மதியா ஆட விடுவீங்கல்ல?"

விடத்தான் நினைத்தான். பிரிவில் மூன்று நாடுகள், ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் கோல் எதுவும் விழாமல் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முடிகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமானவன் என்பதால் கொக்கையும் பின்னால் வந்து தடுக்கச் சொல்லியிருந்தார்கள். பறந்து வந்த பந்து யார் தலையிலோ பட்டு, சமர்த்தாகக் கொக்கின் காலடியில் வந்து விழுந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியேறத் திரும்பினான். இடது தோள் இறங்கியது.

பசையின் கால் போய்விட்டது.

அவ்வளவு சுத்தமாக ஒரு பந்தை அவன் வாழ்க்கையில் பறித்ததில்லை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தான் பறித்த ஆளும் நீலச் சட்டை போட்டிருப்பதைக் கவனித்தான். பந்து உருண்டு எதிரணிக்காரன் ஒருவனின் காலுக்குப் போனது. அவன் நம்ப முடியாமல் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கோலுக்குள் தட்டிவிட்டான். அரங்கம் சிரித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

சாயங்காலம் மனைவி போனில் வந்தாள். கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். "நம்ம கடையிலேயே நல்ல கண்ணாடியா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். வந்து போட்டுக்கோங்க," என்றாள். அவன் சிரித்தபிறகுதான் வைத்தாள். அவள் அம்மா என்ன சொன்னார் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் சத்தம் போடாதவர். ஒரு காலத்தில் தானும் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். மறுநாள் காலை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டியிருக்கும் என்றார். அதில் தோற்றால் எல்லோருக்கும் மூட்டை கட்டுகிற வேலைதான்.

"உன்னை உக்கார வைக்கிறதுல எனக்கொண்ணும் சந்தோஷம் இல்லப்பா. அவனை எதிரியா பாக்குற பழக்கம் போகணும். அதுக்குள்ள போச்சுன்னா வந்து சொல்லு."

இன்னொரு முறை இந்தச் சட்டை வீட்டுக்கு வரப்போவதில்லை. இப்படியே முடிந்தால் அந்த ஏரியின் நடுவில் அந்த ஒரு கோல் மட்டும் கல்லாகக் கிடக்கும். வாழ்நாள் முழுக்க எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தெரியும்.

அணியைத் தங்க வைத்திருந்தது விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு கல்லூரி விடுதியில். பயிற்சியாளர் இருவரையும் ஒரே அறைக்கு மாற்றினார். ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் பல் விளக்கினால் பகை மறந்துவிடும் என்று அவருக்கு எண்ணம். பகை என்று ஒன்று இருந்தால்தானே மறப்பதற்கு? கொக்கு நல்ல மனுஷன். மாணவர்கள் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே இடமில்லாமல், கட்டில் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் பாதத்தை வைத்துத் தூங்கினான். காலையில் பசைக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். ஆனால் பயிற்சியில் பந்தோடு திரும்பினால் போதும், பசை அங்கே நின்றான். மறுபடியும் பறித்தான். மன்னிப்புக் கேட்டான். மறுபடியும் பறித்தான்.

மதியம் விடுதியின் பின்முற்றத்தில், துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே கொக்கு உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பசை பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலடா," என்றான் கொக்கு. "நான் எங்க போகணும்னு நானே முடிவு பண்றதுக்குள்ள நீ அங்க நிக்கிற. என் பொண்டாட்டிக்குக்கூட நான் எங்க போறேன்னு தெரியாது."

"அவங்களுக்குத் தெரிய வேணாம்னு நீ நினைக்கிறதால இருக்கும்."

கொக்கு எண்ணெய்க் கையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, கொக்கு சொன்னதில் பாதி மட்டும் பசையின் காதில் நின்றுபோனது. முடிவு பண்றதுக்குள்ள நீ அங்க நிக்கிற. லிஃப்டில் ஒரு கனமான இரும்பு உண்டு. பெட்டி மேலே போனால் அது கீழே வரும், பெட்டி கீழே வந்தால் அது மேலே போகும். எதிரும் புதிருமாகவே ஓடுகிற இரண்டும் தொங்குவது ஒரே கயிற்றில்தான். தினமும் கையால் தொடுகிற பொருள். இதுவரை அதைப் பற்றி அவன் ஒன்றும் யோசித்ததில்லை.

"எந்திரி," என்றான். "ஓடு. எங்கிட்ட எதுவும் சொல்லாத. உனக்குத் தோணுற பக்கம் ஓடு."

"எதுக்கு?"

"அங்க நான் வரமாட்டேன். பந்து வரும்."

முதல் பந்து காய்ந்துகொண்டிருந்த சமையல்காரரின் வேட்டியில் போய் விழுந்தது. இரண்டாவது தண்ணீர்த் தொட்டிக்குள். கொக்கு இடுப்பில் கை வைத்து நின்று, இதற்குப் பறிப்பதே தேவலை என்றான். பசை தலையைச் சொறிந்தான். இத்தனை காலம் கொக்கை அவன் முகத்துக்கு நேராக நின்று பார்த்தவன். இப்போது பார்ப்பது முதுகை. கொக்கு பாய்கிற பக்கம், முன்னால் நின்று பார்த்தபோது பசைக்கு இடப்பக்கமாக இருந்தது, பின்னால் வந்ததும் வலப்பக்கம் ஆகிவிட்டது. கால் மட்டும் பழைய கணக்கிலேயே உதைத்துக்கொண்டிருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதுபோல் கொக்கை மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் போட்டான்.

மறுபடி ஓடச் சொன்னான். தோள் இறங்கியது. பசை உதைத்தான். பந்து கொடிகளுக்கு மேலே சாவகாசமாகப் பறந்துபோய், கொக்கு காலை நீட்டிய இடத்தில், ஏற்கெனவே அங்கே அவனுக்காகக் காத்திருந்த மாதிரி இறங்கியது.

கொக்கு நின்றுவிட்டான். பந்தைப் பார்த்தான், திரும்பிப் பசையைப் பார்த்தான். "இன்னொண்ணு," என்றான், பேய் அறைந்தவன் குரலில்.

சமையல்காரர் வந்து வேட்டிக்கு நியாயம் கேட்கும்வரை ஆடினார்கள். மாடிப்படி ஜன்னலில் பயிற்சியாளர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை. டம்ளரோடு உள்ளே போய்விட்டார். பசை அவரிடம் போய், பழக்கம் போகவில்லை, ஆனால் வேறு வேலைக்கு ஆகும் என்று சொன்னான். அவர், பார்த்தேன் என்றார்.

இரண்டாவது ஆட்டத்தின் முதல் பாதியை அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தான். கொக்கு ஓடிய இடங்களுக்கெல்லாம் பந்து ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பாவம், மற்றவர்களுக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது. இடைவேளை முடிந்ததும் பயிற்சியாளர் பசையைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் உள்ளே இறங்கியபோது அரங்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. மேல் வரிசையிலிருந்து ஒருவன், பந்து நம்முடையது, பத்திரம் என்று கத்தினான். பசைக்கு வலித்தது, ஆனால் திரும்பவில்லை. அவன் ஒரு முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எதிரணியின் ஒரு தாக்குதல் உடைந்து பந்து அவன் காலுக்கு வந்தது. தூரத்தில் நடுக்கோட்டுக்கு அப்பால், இரண்டு பேருக்கு நடுவே கொக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். இடது தோள் இறங்கியது.

பசையின் கால் போனது. இந்த முறை ஆள் போகவில்லை, பந்து மட்டும் போனது. யாருமே இல்லாத புல்லை நோக்கி அது பறப்பதைப் பார்த்து, இவனுக்கு உண்மையிலேயே கண் தெரியாதோ என்று அரங்கம் முனகியது. அந்த முனகல் முடிவதற்குள் அந்தப் புல்லில் கொக்கு இருந்தான். அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஓடி வந்த பல் மருத்துவமனைக்காரன் தொடையிலோ இடுப்பிலோ பட்டு, அது கோலுக்குள் போய்ச் சேர்ந்தது. அழகான கோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொக்கு கோல் போட்டவனை விட்டுவிட்டு, மைதானத்தின் பாதியைக் கடந்து, அந்த நீளக் கால்களால் பசையை நோக்கி ஓடி வந்தான். இந்த முறை பசை அவனைத் தடுக்கவில்லை.

அந்த ஒரு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த சுற்றில் நல்ல அணி ஒன்றிடம் நல்லபடியாகவே தோற்றுவிட்டு வீடு திரும்பினார்கள். மாமியார் கதவைத் திறந்தார். இலையில் சோறு போட்டு, குழம்பை மூன்று கரண்டி ஊற்றினார்.

லீக் மறுபடி தொடங்கியது. பாலத்தடிக்கும் டிப்போவுக்கும் ஆட்டம். கோடுபோட்ட பழைய சட்டையில் பசை, எதிரே கொக்கு. பாலத்தின்மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் பழையபடி என்றுதான் நினைத்தான். பாதி ஆட்டத்தில், தன் அணிக்காரன் தட்டிவிட்ட பந்து அவன் காலுக்கு வந்தது. நிமிர்ந்தான். கொஞ்ச தூரத்தில் கொக்கு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். தோள் இறங்கியது.

உதைத்த பிறகுதான் உறைத்தது. பந்து தன் கோலுக்கு முன்னால், ஆளில்லாத இடத்தில், கொக்கின் காலடியில் பூப்போல இறங்கியது. பாலத்தடி அணி முழுவதும் தலையில் கை வைத்தது.

அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து மாமியார் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை ஆண்டு கேட்டது இன்றுதான் கிடைத்திருக்கிறது, மருமகன் தானாகவே அந்தப் பிள்ளைக்குப் பந்து கொடுத்துவிட்டார். சந்தோஷத்தில் கை பைக்குள் போனது. கண்டக்டருக்கு ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. அவர் கொக்கைப் போகச் சொல்லித்தான் ஊதினார். ஆனால் டிரைவருக்குக் காலம் முழுக்கக் காதில் ஊறிய சத்தம் அது. முதல் விசிலிலேயே கொக்கின் கால் பிரேக்கில் ஏறிவிட்டது. அவன் பந்தை அப்படியே விட்டு நின்றான். இரண்டாவது விசில் வருவதற்குள் பாலத்தடியின் கோல்கீப்பர் பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நடுவர் வரிசையைப் பார்த்து நடந்தார், மூன்றாவது எச்சரிக்கைக்கு.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை ஓட்டியது வேறு யாரோ. கடைசி இருக்கையில் நான்கு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாமியார், மனைவி, பசை, மூட்டை மாதிரிக் காலை மடித்துக்கொண்டு கொக்கு. மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வழி நெடுகச் சிரித்தாள்.

"ரெண்டாவதையும் கேட்டிருக்கலாம்லப்பா," என்றார் மாமியார், கொக்கிடம்.

"கேட்டிருக்கலாம்மா. கால் கேக்கலையே."

பசை தன் காலைப் பார்த்துக்கொண்டான். அதற்கும் யார் சொல்லியும் கேட்கிற பழக்கமில்லை. வெளியே மாலை வெயில் கட்டடங்களின் கண்ணாடிகளில் தளம் தளமாக ஏறிக்கொண்டிருந்தது, நன்றாக ஓடுகிற லிஃப்ட் மாதிரி, சத்தமே இல்லாமல்.