புதினா எண்ணெயில் தண்ணீர்

அரைக் கிலோ சாக்லேட்டுக்கு மூன்று சொட்டு. அதற்கு மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் தின்கிறவர்களுக்குப் பல் தேய்க்கிற நினைப்பு வந்துவிடும். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிற அவளுக்கு இந்தக் கணக்கு தூக்கத்தில் கேட்டாலும் தப்பாது. தெருவே அவளைச் சாக்லேட் அக்கா என்றுதான் கூப்பிட்டது. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசார விழா. டீச்சரம்மா இருநூறு புதினா சாக்லேட் கேட்டிருந்தார்.

அன்று காலை மூன்று சொட்டு விட்டாள். வாசனை வரவில்லை. இன்னும் மூன்று விட்டாள். ம்ஹூம். மூக்குதான் அடைத்துக்கொண்டதோ என்று சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள், மூக்கு நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலில் ரப்பர் மூடியை அழுத்தி ஒரு குழாய் நிறைய விட்டுக் கிளறினாள். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே இறுகி, கட்டி தட்டி, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது.

உருக்கிய சாக்லேட்டுக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. அதனால்தான் அவள் தண்ணீர் கலந்த எசன்ஸைத் தொடவே மாட்டாள். விலை கூடினாலும் கெட்டியான புதினா எண்ணெயாகப் பார்த்து வாங்குவாள். அதில் தண்ணீரா? போனை எடுத்து எசன்ஸ் கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"எண்ணெய்ல தண்ணியக் கலந்து விக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?"

அவர் பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, பாட்டில ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்திப் பாருங்க," என்றார்.

ஊற்றினாள். கறுப்பு பாட்டிலுக்குள் ஒளிந்திருந்தது டம்ளரில் பளிச்சென்று தெரிந்தது. மேலே விரல் கனத்துக்கு எண்ணெய், அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர்.

"சொட்டுக் குழாய் அடி வரைக்கும் போகும்ல? அதான் தண்ணிய மட்டும் உறிஞ்சியிருக்கு. நான் கலந்திருந்தா முதல் நாளே கெட்டிருக்குமேம்மா. மூணு வாரமா இதுலதானே பண்றீங்க? வீட்ல யாரோ எடுத்துட்டு, அளவு குறையாம இருக்கத் தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க."

"வீட்ல யாருங்க இருக்கா? நானும் எங்க வீட்டுக்காரரும்தான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "இனி ஒரு சிகரெட்கூடக் கூடாதும்மா. அடுத்த தடவை இங்க கொண்டு வரக்கூட நேரம் இருக்காது." அந்த அறையிலேயே அவர் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவள் கண்ணால் பார்த்தாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் புதினா மணக்க வீட்டுக்கு வந்தார். என் சாக்லேட்டைத் திருடித் தின்கிறார் என்று இந்தப் பைத்தியக்காரி சிரித்தாள். உடைந்த துண்டுகளில் இரண்டை அவருக்கென்று தனி டப்பாவில் எடுத்தும் வைத்தாள். வேலைச் சட்டையைத் தன் ரிப்பேர் கடையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வருவார், கேட்டால் "நீ எதுக்குக் கறை துவைக்கணும்?" என்பார். தங்கமான மனுஷன் என்று எதிர் வீட்டம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டாளே!

சட்டியைக் கரண்டியோடு தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்று தெரு தாண்டி அவருடைய தையல் மெஷின் ரிப்பேர் கடை. அவர் ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பெல்ட் மாற்ற வந்த ஓர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஊதுங்க."

"என்னது?"

"வாயத் தொறந்து ஊதுங்க!"

அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் எட்டி அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். மெஷின் எண்ணெய் விடுகிற குட்டி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வந்தது. புதினா எண்ணெய் அரித்து அதன் பக்கமெல்லாம் நெளிந்திருந்தது. பிளாஸ்டிக்குக்கே இந்தக் கதி.

"புது பாட்டில்தான். கழுவிட்டுத்தான்..." என்றார் அவர்.

"கழுவிட்டீங்களா? அடேயப்பா, என்ன சுத்தம்! நெஞ்சுக்குள்ள ரெண்டு கம்பிய வச்சுக்கிட்டு நீ புகை விடுவ, அத மறைக்க நான் எண்ணெய் வாங்கித் தரணுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' வந்துவிட்டது. ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்து, "நான் அப்புறமா வரேங்க," என்று நழுவினார்.

"டீச்சரம்மாவுக்குப் போன் போடுங்க. சாக்லேட் ஏன் இல்லன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் போட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவளுக்கு உடம்பு சரியில்லங்க," என்றார். அந்த நிலைமையிலும் வாயில் பொய்தான் வந்தது. அவள் போனைப் பிடுங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் கல்லு மாதிரி இருக்கேன். உடம்பு சரியில்லாதது இவருக்குத்தான். திருட்டுத்தனமா சிகரெட் குடிச்சு, என் எண்ணெயத் திருடி வாய் கொப்பளிச்சு, பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சிருக்காரு. புதினா கிடையாது. காப்பி சாக்லேட் வேணும்னா நாளைக்குக் காலைல தரேன்."

டீச்சரம்மா பயந்துபோய், காப்பியே போதும் என்றார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மிச்ச எண்ணெயைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாள். பாதி ஆர்டர் புதினாவுக்குத்தான் வரும். போய்த் தொலையட்டும். அந்த மனிதர் வாய் நாறினால் அவளுக்குத் தெரிய வேண்டும், இனி இந்த வீட்டில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி எங்கே இருந்தது? சொட்டுச் சொட்டாக விடுகிற எண்ணெயை மொத்தமாக ஊற்றியதில் கண் எரிந்து நீர் கொட்டியது. தலையணை முதல் திரைச்சீலை வரை வீடே புதினாவாக மணத்தது.

சாயங்காலம் அவர் வந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராதீங்க. உள்ள இருக்கிற புதினா வாசனைல எனக்கு எதுவும் தெரியாது. தெருவுக்கு நடங்க."

எதிர் வீட்டம்மா கொடியில் துணி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும்.

"ஊதுங்க."

ஊதினார். அப்பட்டமான சிகரெட் நாற்றம்.

"ரெண்டு," என்றார், அவள் கேட்காமலே.

"நேத்து?"

"ஏழு."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஏழு! அவள் துண்டு சாக்லேட்டை டப்பாவில் எடுத்து வைத்த ஒவ்வொரு நாளும் ஏழு.

"இன்னொரு தடவை ஊதுங்க."

"அதான் சொல்லிட்டேனே..."

"ஊதுங்கங்கிறேன்!"

மறுபடியும் ஊதினார். நாற்றமடித்தாலும் அது அவருடைய மூச்சு, சூடாக அவள் முகத்தில் பட்டது.

"மூச்சு இருக்கிற வரைக்கும் தினமும் இங்க நின்னு ஊதணும்," என்றாள். "அது நின்னுபோச்சுன்னா நான் யார ஊதச் சொல்றது?"

அவர் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"குப்பைத் தொட்டியில போடுறத நான் ஏற்கெனவே பார்த்தாச்சு," என்று அவள் அதை அவர் பையிலேயே திருப்பித் திணித்தாள். "நாளைக்கும் இதே இடம்."