குணவதி சொன்னது

"கொஞ்சமா போடுங்க. வாய் அவ்வளவுதான் திறக்கும்."

குணவதிக்கு வாய்க்கரிசி போட வந்த ஒவ்வொருவரிடமும் யுகேந்திரன் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மனைவியின் பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டு, இத்தனை வருடமாகக் கஞ்சி ஊட்டும்போது சொன்ன அதே குரலில். வந்தவர்கள் நாலு அரிசியை உதட்டில் ஒற்றிவிட்டு நகர்ந்தார்கள். மச்சினி லெட்சுமிதான் அவர் முழங்கையைத் தொட்டு, "அத்தான், போதும். உக்காருங்க" என்றாள்.

குணவதிக்கு நாக்கில் வந்த புற்றுநோய் போய் ஆறு வருடமாகிவிட்டது. டாக்டர் 'கிளியர்' என்று சொன்ன அன்று லெட்சுமி பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறிக் கேக்கோடு வந்தாள். அந்தக் கேக்கைக் குணவதியால் விழுங்க முடியவில்லை. கதிர்வீச்சில் எச்சில் வற்றிப்போயிருந்தது. அப்புறம் தாடை இறுகியது. கழுத்து விறைத்தது. அறுத்துத் தைத்த நாக்கு வருடத்துக்கு வருடம் அசைய மறுத்தது. பார்க்கிறவர்களெல்லாம், "அதான் குணமாயிடுச்சே" என்றார்கள். அவளும் தலையாட்டினாள்.

கப்பல் கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காகப் போன் எடுத்துப் பேசியவள். அவள் பேச்சு யாருக்கும் புரியாமல் போனபின், புரிந்தது யுகேந்திரனுக்கு மட்டும்தான். பசாரிலும் கிளினிக்கிலும், கோலாலம்பூரிலிருந்து மகள் தனுஜா கூப்பிடும்போதும், அவர்தான் அவளுக்கு வாய். சில நேரம் அலுப்பில் சுருக்கிவிடுவார். மீன் பழசு என்று அவள் மூச்சு வாங்கத் திட்டியதையெல்லாம் "வேணாமாம் லா, பாய்" என்று மீன்கார ஷேக் அலாவுதீனிடம் முடித்துவிட்டால், யுகேந்திரன் தோளில் ஓங்கி ஓர் அடி விழும். பிறகு அவளே சிரிப்பாள்.

போன வாரம் கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்றுப் பகலில் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கி அவள் ஏதோ சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை.

"என்ன குணா?"

மறுபடி சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். நாள் கணக்கில் நாற்காலியிலேயே கிடந்தவருக்கு எதிர்ச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். குணவதி அவரையே பார்த்தாள். இந்தத் தடவை அடிக்கவில்லை. மாஸ்க்கைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். சாயங்காலம், தனுஜா வந்து சேர்வதற்குள், போய்விட்டாள்.

பத்து லஞ்சாங்கிலுள்ள சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு அவர் உட்கார்ந்தபோது, தனுஜா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

"உன்ன நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க." ஆறு வருடப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

தனுஜா அவர் முகத்தையே பார்த்தாள். "வார்டுல இருந்த நர்ஸ் மிஸ்ஸி சல்மா சொன்னாங்கப்பா. அம்மா மாஸ்க்க கழட்டி மூணு தடவ சொன்னாங்களாம். இதையா மூணு தடவ சொன்னாங்க?"

யுகேந்திரன் கோப்பியைத் தொடவில்லை.

"எனக்குப் புரியலம்மா. மத்ததெல்லாம் புரியும். அது மட்டும் புரியல. ரொம்ப அசதியா இருந்துச்சு."

தனுஜா குவளையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே லெட்சுமி கஞ்சி அரைக்கும் பிளெண்டரைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. கண்ணாடி முன் நின்று, பற்களை நெருக்கி, நாக்கைக் கீழே அழுத்தி அசையாமல் வைத்துக்கொண்டு, காதில் நின்றிருந்த குணவதியின் அந்தக் கடைசிச் சத்தத்தை வெளியே விட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். இப்போது ஏறக்குறைய அவள் குரல்போலவே இருந்தது.

தனுஜா கதவருகே வந்து நின்றிருந்தாள். உள்ளே வந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.