காரணம் என்ற கட்டம்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் காய்ச்சி, பொங்கும் முன் அணைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் சரியாக வரவில்லை, மறுபடி போட்டேன். குப்பையைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். மேலே வந்து மின்னஞ்சலைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். நேர்முகத் தேர்வு பத்தரை மணிக்கு. நேற்றும் பத்தரை என்றுதான் இருந்தது. குளித்துவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. ஏழு வருடமாக லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். இப்போது உளவியல் முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு நான்கு இடங்கள். அழைக்கப்பட்டவர்கள் இருபத்திரண்டு பேர். இதற்காகப் பத்து மாதம் மாலை வகுப்புக்குப் போய் மூன்று அடிப்படைத் தாள்கள் எழுதித் தேறினேன். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அவை செல்லாது. முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

என் மனைவி இறந்து பதினாறு மாதம் ஆகிறது.

பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனபோது எங்கள் மேலாளர் சிரித்தார். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவனை வெளிய எடுக்கவே நமக்கு முக்கால் மணி நேரம் ஆகுது. மனசுக்குள்ள மாட்டிக்கிட்டவனை நீ எப்பய்யா எடுத்து முடிப்ப?” கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ‘இவர் பொறுப்பில் இருந்த எந்த லிஃப்ட்டும் விழுந்ததில்லை’ என்று கடிதத்தில் இருந்தது. அப்படியே இணைத்து அனுப்பினேன்.

கதவைப் பூட்டும்போது போன் அடித்தது. மனைவியின் தங்கை. இருபத்துநான்கு வயது, வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பொடிசுதான். நான் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை முந்தின நாள் அவளுக்கும் அனுப்பியிருந்தேன்.

“மாமா, கிளம்பிட்டீங்களா?”

“பூட்டிட்டிருக்கேன்.”

“ஒண்ணு கேக்கணும். இன்னைக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் நினைச்சேன். அக்கா கடைசியா சொன்னதுன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அது எப்ப சொன்னா?”

“ஆஸ்பத்திரியில.”

“நானும் அங்கதான இருந்தேன்.”

“நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த.”

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

“‘இயந்திரங்களை விட்டுவிட்டு மனிதர்களின் துயரத்தைக் கேளுங்கள்.’ அக்கா இப்படிப் பேசுவாளா மாமா? அவ வாயில துயரம்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. உங்களை வாங்க போங்கன்னு கூப்பிட்டதும் கிடையாது.”

“விண்ணப்பம்னா அப்படித்தான் எழுதணும்.”

“நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. அம்மா படிச்சிட்டு அழுதாங்க. இன்னும் ரெண்டு தடவை படிச்சா நானே நம்பிடுவேன். அப்புறம் அவ நிஜமா சொன்னது யாருக்குமே இருக்காது.” மூக்கை உறிஞ்சினாள். “என்னதான் சொன்னா?”

“பஸ் வருது,” என்றேன். நான் இன்னும் மாடியில்தான் இருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழுது அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் அறிக்கையை அனுப்ப முடியாது. பல நேரங்களில் லிஃப்ட் ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஓடும். அப்போது ‘தேய்மானம்’ என்று எழுதிவிடுவோம். தேய்மானத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

விண்ணப்பத்தில் ‘துறை மாறக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் மாலை, பொருத்தமாக ஒன்றை எழுதினேன். கீழே ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை, தவறெனத் தெரிந்தால் விண்ணப்பம் ரத்தாகும்’ என்று இருந்தது. அங்கேயும் ஒரு கட்டம். டிக் செய்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதுக்கே போய்விட்டேன். நடைபாதையில் நாற்காலிகள். பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி இருந்தாள். கண்ணைத் திறந்து, “அண்ணா, புள்ளியியல் கேப்பாங்களா?” என்றாள். தெரியாது என்றேன். “உங்களைப் பாத்தா பயமே இல்லாத மாதிரி இருக்கு,” என்றாள். இரண்டு முறை கழிப்பறைக்குப் போனேன். முகம் கழுவினேன். கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

உள்ளே இருவர். துறைத் தலைவர், நரைத்த குட்டை முடி வைத்த பெண்மணி. இன்னொருவர் புள்ளியியல் பேராசிரியர். அவர் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குப் பதில் சொன்னேன்.

துறைத் தலைவர் தாளைப் புரட்டினார். என் மனைவி சொல்லாத அந்த வாக்கியத்தை நிதானமாக, குரலைத் தாழ்த்தி வாசித்தார். நன்றாக வாசித்தார். அவள் குரலில் அதைக் கேட்டுப் பார்க்க முயன்றேன். ஒரு கணம் கேட்டது.

“இதுதான் உங்களை மாத்திச்சா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“இது அவ சொன்னதில்ல மேடம். நான் எழுதினது.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “கீழ கையெழுத்து உங்களோடதுதானே?”

“ஆமா சார்.”

“அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“படிச்சேன். ரத்தாகும்னு இருக்கு.”

அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். அந்தப் பெண்மணி தாளை மூடவில்லை.

“அப்ப இந்தக் கட்டத்துல என்னதான் வரணும்?”

“தெரியல மேடம். நடந்ததை வேணும்னா சொல்றேன்.”

“சொல்லுங்க.”

சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி, ஜன்னல் கொக்கி, பக்கத்துப் படுக்கைக்காரரின் வானொலி. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவேன். கடைசி நாள் அவள் கட்டிலின் சக்கரம் ஒன்று ஆடியது. கட்டிலுக்கு அடியில் படுத்து அதை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் ஏதோ சொன்னாள். ஒரு நிமிஷம் என்றேன். இரண்டு திருகு பாக்கி இருந்தது. நான் எழுந்தபோது தூங்கியிருந்தாள். எழுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

பேராசிரியர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

“என்ன சொன்னாங்க?” துறைத் தலைவர் கேட்டார்.

அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொன்னபடியே சொன்னேன்.

“கீழ என்ன பண்ணிட்டிருக்க? மேல வா. உன் மூஞ்சியே தெரியல.”