மாடிப்படியில் எதிரே வந்தவள்

பதினைந்து வயதில் வலிப்பு வந்ததிலிருந்து ரிஃபானா மாத்திரை விழுங்கி வருகிறாள். நிக்காஹ்வுக்குச் சற்று முன் இன்னொரு முறை வந்ததும் அளவைக் கூட்டினார்கள். அதன்பின் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தண்டையார்பேட்டை வீட்டுக்கு மருமகளாக வந்த மறுவருடம், அவள் உடம்பு அவளைக் கேட்காமலே வேறு யாருக்கோ இடம் கொடுக்கத் தொடங்கியது.

இடுப்பு பெருத்தது. தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. மோவாயில் கறுப்பாக, கம்பிபோல முடி முளைத்தது. பிடுங்கும்போது யாருடைய முடியையோ பிடுங்குவதாகத் தோன்றும். வலி மட்டும் அவளுக்கு. மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோனது. கர்ப்பமும் இல்லை.

மாமியார் தாஹிரா ஒருநாள் அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள புள்ள இல்லன்னா, வேற இன்னா கீது?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தாஹிரா சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஜின் பிடித்திருக்கிறது என்று மந்திரித்த தாயத்து வந்தது. தாயத்தும் மாத்திரையும் ஒன்றாக ஆகாது என்று கட்டியவர் சொன்னார். கணவன் மொஹ்சின் தயங்கினான். ரிஃபானாவோ சந்தோஷமாகவே மாத்திரையை நிறுத்தினாள்.

அந்த வாரக் கடைசியில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. "அடுப்புல ஏதாச்சும் கருவுதா மாமி?" என்றாள். தாஹிராவுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

நடுப்பகலில் துவைத்த துணியோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். மேலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். ஒல்லி. தடித்த பின்னல். கல்யாணத்துக்கு முன் ரிஃபானா உடுத்திக் கிழித்த பச்சை சுடிதார். முகத்தைப் பார்த்தாள்: அது ரிஃபானாவின் முகம்தான். முன்பின் தெரியாதவருக்கு வழிவிடுவதுபோல இறங்கி வந்தவள் சுவரோரம் ஒதுங்கி, ரிஃபானாவின் குரலிலேயே கேட்டாள்:

"யாரு வேணும்?"

ரிஃபானா கண்விழித்தது அரசு ஆஸ்பத்திரியில். நாக்கு கடிபட்டிருந்தது.

"மாத்திரைய திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா," என்றார் டாக்டர் ரோஸ்மேரி. "வலிப்புக்கு முன்னாடி இல்லாத வாசனை வரும், இல்லாத ஆளும் தெரியும்." பிறகு தணிந்த குரலில், "மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்றார்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ரிஃபானா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கேனில் சினைப்பை நிறைய சின்னச்சின்ன நீர்க்கட்டிகள் தெரிந்தன. ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது.

"நீ சாப்பிட்ட மாத்திரை சில பொண்ணுங்களுக்கு இப்படிச் செய்யும். எடை ஏறும், ஹார்மோன் தடம்மாறும். வயித்துல குழந்தை இருந்திருந்தா அதுக்கும் ஆபத்து."

"அப்போ ஜின்னு இல்லியா?" என்று தாஹிரா கேட்டாள்.

"இல்லம்மா. வேற மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்."

"அது என்னை யாரா மாத்தும்?" என்றாள் ரிஃபானா.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "எது மாறினாலும் வந்து சொல்லு. நான் கேக்குறேன்."

மாத்திரை மாறியது. எடை மெல்ல இறங்கியது; மோவாய் முடி போகவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, குளியலறையில் உதிரம் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லாததால் தாஹிரா கதவைத் தட்டினாள்.

"யாரு உள்ள?"

ரிஃபானா எழுந்து குழாயைத் திறந்தாள்.

"நான்தான், மாமி."