மூன்று வாரத்து முடி

என் தம்பி விமலனின் சப்பாத்தை மூன்று முறை குப்பையில் போடப் போயிருக்கிறேன். மூன்று முறையும் மனசு கேட்காமல் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். மங்குஸ்தீன் பழத்தோலின் கருஞ்சிவப்பு நிறத்தில் கனத்த சப்பாத்து, எட்டு ஓட்டை, கணுக்காலுக்கு மேலே ஏறும் கயிறு. ஞாயிறு தவறாமல் அதற்குப் பாலிஷ். தம்பிக்கு வயது முப்பத்தெட்டு, ஷா ஆலாமில் அச்சகத்தில் வேலை, கல்யாணம் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டிய வயதில் சப்பாத்தைக் குளிப்பாட்டுகிறாயேடா என்று திட்டினால் பல்லைக் காட்டுவான்.

சப்பாத்தோடு நின்றால் பரவாயில்லை. அது தெரிய வேண்டும் என்று ஜீன்ஸை மடித்துவிடுவான். கட்டம் போட்ட சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டுவான். காற்சட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் இரண்டு பட்டை. அதுதான் இடுப்பில் கச்சிதமாக நிற்கிறதே, பட்டை எதற்கு என்றால், "அது ஸ்டைல்லாக்கா." எல்லாம் பண்டல் கடையில், மூட்டையாக வரும் பழைய துணியில் பொறுக்கியது. தலையில் ஒன்றாம் நம்பர் மெஷின் போட்டு ஒட்ட வெட்டிவிட்டு, காதோரம் மட்டும் கிருதா வைத்திருப்பான். ஸ்கின்ஹெட் என்று இதற்குப் பெயர்.

"இது வேலைக்காரன் உடுப்புக்கா. அறுபதுகள்ல லண்டன் கப்பல்துறையில மூட்டை தூக்குனவன் போட்ட சப்பாத்து. ஜமைக்காவுலேர்ந்து வந்த கறுப்புப் பசங்ககிட்டப் பார்த்து தொப்பியும் பாட்டும் எடுத்துக்கிட்டானுங்க. பின்னாடிதான் இனவெறி பிடிச்சவனுங்க இதே உடுப்பைப் போட்டுப் பேரைக் கெடுத்தானுங்க. நாங்க பழைய வழி."

மலைமேல் கியா பார்ம் சந்தையில் என் ஸ்ட்ராபெரி கடைக்கு அவன் வந்து நின்ற ஒரு நாள், வெள்ளைக்காரி ஒருத்தி அவனைப் பார்த்ததும் புருஷனை இழுத்துக்கொண்டு ஓடினாள். கறுப்பான தமிழனைப் பார்த்து வெள்ளைக்காரி இனவெறியன் என்று பயப்படுகிறாள்! விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்பா காளிமுத்துவுக்குச் சப்பாத்தில் தகராறு இல்லை. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் உழைத்தவர். "துரை வர்றாரு, நாற்காலி போடு" என்று கேலி செய்துவிட்டு விடுவார். ஆனால் அந்த மொட்டை ஆகவே ஆகாது. நம் ஆட்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடுவார்கள், இல்லையென்றால் பெற்றவர் போனதற்குப் போடுவார்கள். முதல் தடவை அவன் அப்படி வந்தபோது, "நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், எவனுக்குடா மொட்டை போட்டுட்டு வந்த?" என்று வாசலிலேயே மறித்துவிட்டார். அதிலிருந்து தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே விமலன் முடி வளர்க்க ஆரம்பித்துவிடுவான். வகிடு எடுத்துச் சீவிக்கொண்டு நல்ல பிள்ளையாக வருவான். அப்பாவும் தீபாவளிக்குத் தீபாவளி அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

இந்த ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் என் வீட்டுக்கே கூட்டி வந்தோம். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மூளை கொஞ்சம் குழம்பியிருக்கும், சாப்பாடு மட்டும் நின்றுவிடக் கூடாது. நின்றால் தாங்க மாட்டார். அன்றைக்குக் கஞ்சி நன்றாகவே குடித்தார். "விமலன் எங்க?" என்று கேட்டார். நான் தம்பிக்குப் போன் போட்டு, இருக்கிறபடியே கிளம்பி வாடா என்றேன்.

இருக்கிறபடியே வந்தான். தலையில் சின்ன விளிம்புத் தொப்பி. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவனிடம், "பெத்தவர் முன்னால என்னடா தொப்பி?" என்று அதைப் பிடுங்கினேன். இந்தக் கைதான் பிடுங்கியது. இதை வெட்டிப் போட்டாலும் தகும்.

அப்பா கண்ணைத் திறந்து அவன் தலையையே வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"எப்பப்பா முடிஞ்சுது?" என்றார் மெதுவாக.

"என்னாப்பா?"

"என் காரியம். கொள்ளி வச்சிட்டியா?"

"ஐயோ, அப்பா! பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகிட்டுப் போட்ட மொட்டைப்பா அது," என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"சந்தனம் எங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். "செத்தவனுக்கு எதுக்கும்மா கஞ்சி? படைக்கிற அன்னைக்குப் படை." என் கணவர் சுகுமாரன் கெஞ்சினார். பக்கத்து வீட்டு பாஞ்சாலை அக்கா அப்பாவின் கையைக் கிள்ளி, "வலிக்குதா? செத்தவனுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். "நெனப்பு போகலைம்மா, போயிரும்," என்று அவளையே சமாதானப்படுத்தினார். விமலன் தொப்பியை மாட்டிப் பார்த்தான். "மறைக்காதப்பா. அப்பனுக்கு எடுத்த மொட்டை, அதுல என்ன வெட்கம்?" என்றார். இவ்வளவு பாசமாக அவர் அவனிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் டியூப் போட்டோம். பிடுங்கினார். திரும்பப் போட்டோம், திரும்பவும் பிடுங்கினார். வீட்டுக்கே திரும்பக் கூட்டி வந்த பிறகு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மைலோ கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவேன். விழித்துக்கொண்டால் துப்பிவிடுவார். இலை போட்டு விளக்கேற்றிப் படையலாகவே வைத்துவிடலாமா, அப்படியாவது நாலு வாய் சாப்பிடுவாரே என்றுகூட நினைத்தேன். இலையை அறுத்துக்கொண்டும் வந்தேன். உயிரோடிருக்கிற அப்பாவுக்குப் படைக்கக் கை வரவில்லை.

"முடி வளர்ந்துட்டா நம்பிருவாருக்கா," என்றான் விமலன்.

அதைப் பிடித்துக்கொண்டோம். வேறு எதைப் பிடிப்பது? சட்டையையும் பட்டையையும் பையில் போட்டுக் கட்டிவிட்டு சுகுமாரனின் கைலியைக் கட்டிக்கொண்டான். தினமும் காலையில் அவனை உட்கார வைத்து, சின்ன வெங்காயச் சாறும் தேங்காய் எண்ணெயும் சூடு பறக்கத் தேய்ப்பேன். "வளர்ந்து தொலையேன், சனியனே!" என்று மண்டையில் குட்டுவேன். "மாசத்துக்கு அரை அங்குலம்தான்கா வளரும்," என்பான், கண்ணில் எண்ணெய் வழிய. எண்ணெய் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. தேயிலையைக்கூட இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வெட்டுகிறார்கள். இந்தப் பாழாய்ப்போன முடிக்கு என்ன கேடு? அப்பாவின் கன்னம் நாளுக்கு நாள் உள்ளே போனது. தம்பியின் தலை சொரசொரப்பானது, பிறகு கறுத்தது, பிறகு விரலில் அகப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நானே திருப்தியாகத் தடவிப் பார்த்தேன். இதை யாரும் மொட்டை என்று சொல்ல முடியாது. விமலன் அப்பாவின் கட்டிலருகே மண்டியிட்டு, அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தான்.

"பாருங்கப்பா, முடி இருக்கு. மொட்டை இல்லப்பா. நீங்க நல்லா இருக்கீங்க. ஒண்ணும் ஆகலப்பா."

அப்பாவின் விரல்கள் மெல்ல நகர்ந்தன. நெற்றியிலிருந்து பிடரி வரை தடவினார். அவர் முகம் தெளிந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சாமியே என்று அடுப்படிக்கு ஓடி, கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"முளைச்சிருச்சே," என்றார் அப்பா.

"ஆமாப்பா, ஆமாம்!"

"அப்ப பதினாறு கழிஞ்சிருச்சு. கருமாதியெல்லாம் குறையில்லாம பண்ணியிருப்ப. இனிமே நான் வீட்டுல இருக்கக் கூடாதுப்பா."

அவன் தலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிண்ணத்தோடு நான் அப்படியே நின்றேன். மொட்டையாக இருந்தாலும் செத்தவர், முடி முளைத்தாலும் செத்தவர். இதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்னத்தைக் காட்டி, நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்ப வைப்பது? விமலன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். நான் கஞ்சியைக் கொண்டுபோய்ப் பானையிலேயே திரும்ப ஊற்றினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

சுடுகாட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது என்றார்கள். பெண்கள் நாங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். கொள்ளி வைக்கிறவனுக்கு மொட்டை மட்டும் பாடை எடுப்பதற்கு முன்பே வீட்டில், எங்கள் கண்ணெதிரே நடந்தது. தானா ராத்தாவிலிருந்து முடிவெட்டும் புனிதன் அண்ணன் வந்திருந்தார். வெறுங்காலோடு, வெள்ளை வேட்டியில் விமலன் பலகையில் உட்கார்ந்தான். தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்த புனிதன் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"சமீபத்துல எடுத்த தலையா இருக்கே தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுல இன்னொரு சாவா? யாருக்கு?"

விமலன் நடுவீட்டில் கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்தான்.

"இவருக்குத்தாண்ணே," என்றான்.

புனிதன் அண்ணன் புரியாமல் என்னைப் பார்த்தார். எடுங்கண்ணே என்று கையைக் காட்டினேன். வெங்காயச் சாறு தேய்த்துத் தேய்த்து நான் வளர்த்த முடி, இரண்டே நிமிஷத்தில் வழித்து முடிந்தது.