மேஸ்திரிக்கு ஜோடி கிடையாது

மின்கம்பிகளுக்கு அடியில் புதர் வெட்டும் அந்த ஏழு பேரில், உலகத்து அறிவு மொத்தத்தையும் தானே குத்தகைக்கு எடுத்துவிட்டதாக மேஸ்திரிக்கு நினைப்பு. மற்ற ஆறு பேருக்கும் தலையில் முடி மட்டும்தான் இருக்கிறது என்று அவர் இரக்கப்படுவார். ரம்பம் ஓட்டுகிறவன் மட்டும் இந்த அறிவை ஒரு நாளும் நம்பியதில்லை. நம்ப வழியில்லை. அவனுடைய அக்காவைக் கட்டியவர்தான் மேஸ்திரி. வீட்டு மின்விசிறியின் இறக்கையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "சூடு மேலதானே இருக்கு, அங்கதான் காத்து வேணும்" என்று குடும்பத்துக்கே பாடம் நடத்திய மனிதர் அவர். பதினாறு வருஷமாக இப்படி எத்தனையோ பாடம்.

இடுப்பளவு புல்லில் உண்ணி பெருகிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்து லாரிக் கதவில் ஒட்டப்பட்டது. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை போட வேண்டும். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் சொருக வேண்டும். வேலை முடிந்து லாரி ஏறும் முன் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவருக்கொருவர் பிடரி, காது மடல், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி அதைச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு மூக்கால் சிரித்தார். "காலுறைக்குள்ள பேன்ட்டைச் சொருகினவன் ஆம்பளையா, வாய் கட்டின மூட்டையா?"

ஆறு பேர் மூன்று ஜோடி ஆனார்கள். மிச்சம் நின்றது மேஸ்திரி.

"நீங்க எங்களோட சேர்ந்துக்கங்க மாமா" என்றான் ரம்பக்காரன்.

"என் முதுகை நீங்க பார்த்தீங்கன்னா, நாளைக்கு என் மூஞ்சியை எவன்டா மதிப்பான்?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சோதனைப் படிவத்தில் தன் பெயருக்கு நேராகத் தானே 'பார்த்தாயிற்று' என்று எழுதிக்கொண்டார். தன் முதுகைத் தானே பார்க்கிற கழுத்து ஆந்தைக்கு உண்டு. ஆந்தைக்குக்கூட இவ்வளவு திமிர் கிடையாது என்று ரம்பக்காரன் நினைத்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் பெட்ரோல் கேன் எடுக்க லாரிக்கு அந்தப் பக்கம் போன ரம்பக்காரன் அப்படியே நின்றுவிட்டான். மேஸ்திரி பேன்ட்டை முழங்காலுக்கு இறக்கிவிட்டு, உடம்பை முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி திருகி, பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் தொடையின் பின்பக்கத்தைப் பார்த்து லைட்டரை நீட்டிக்கொண்டிருந்தார். கருகல் நாற்றம் பக்கத்து ஊர் வரை போயிருக்கும்.

"மாமா! உண்ணியையா சுடறீங்க?"

"கத்தாதடா. விருந்தாளி வந்திருக்கான், வழியனுப்பறேன்."

"சுடக்கூடாது மாமா. முதலுதவிப் பெட்டியில இடுக்கி இருக்கு. தோலை ஒட்டிப் பிடிச்சு, மெதுவா நேரா மேல இழுத்தா முழுசா வந்துரும். எடுத்தாரேன், இருங்க."

"இடுக்கியாம் இடுக்கி! உங்கக்கா புருவம் பிடுங்கறதா?" என்றவர் நகத்தால் கிள்ளி எடுத்துக் காட்டினார். "பார்த்தியா, முடிஞ்சுது அவன் கதை."

"பாதிதான் வந்திருக்கு."

"மீதி பயத்துல செத்துருக்கும்." பேன்ட்டை ஏற்றிக்கொண்டு முகத்தருகே வந்தார். "இது வெளிய போச்சுன்னா, அன்னியோட ரம்பம் உன் கையில இருக்காது. மச்சானாச்சேன்னு பார்க்க மாட்டேன்."

அவர் சொன்னால் செய்வார். முட்டாள்தனத்தில் மட்டும் அவர் வாக்குத் தவறியதே இல்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. "வெயில்" என்றார். தலை பிளந்தது. "வெயில்தான்" என்றார். நான்கு நாள் கழித்து எழுந்து நிற்கவே முடியாமல் போனபோது, ரம்பக்காரன் அவரை முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனான். அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

டாக்டரம்மா கேட்டார்: "காட்டு வேலையா? பூச்சி, உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

"என்னையா? அதுக்கு அவ்வளவு தைரியம் ஏது?" என்றார் மேஸ்திரி. அவர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் அறையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நகர்ந்தது.

டாக்டரம்மா சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தொடங்கினார். மேஸ்திரி மச்சானை முறைத்தார். ரம்பம் அந்தப் பார்வையில் இருந்தது. ரம்பக்காரன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். இந்த ஆளுக்காக அழுகிற ஒரே ஜீவன்.

"பொய் சொல்றார் டாக்டர். உண்ணி கடிச்சு இன்னியோட பதிமூணு நாள். வலது தொடைக்குப் பின்னாடி. தீ வெச்சுச் சுட்டு, நகத்தால கிள்ளினார். பாதி உள்ளயே நின்னுபோச்சு."

"கொசுன்னுல்ல சொன்னீங்க என்கிட்ட!" என்று அக்கா பாய்ந்தாள். "கொசு கடிச்சா தோல் கருகுமா?"

"திரும்பிப் படுங்க" என்றார் டாக்டரம்மா.

"பொம்பளைங்க முன்னாடியா?"

"நான் பார்க்காத தொடையா? திரும்புங்கய்யா!"

கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு வேறு சீட்டு எடுத்தார். "இது உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கும். ரத்தம் எடுக்கச் சொல்றேன், ஆனா மருந்தை இப்பவே ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கலாம். வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மேஸ்திரி கண்ணைத் திறந்து முதலில் சொன்னது: "டேய், உன் வேலை போச்சு."

தலைமாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவே இல்லை. "தாராளமா அனுப்புங்க. ஏன் அனுப்பினீங்கன்னு உங்க ஆபீசுல நானே போய்ச் சொல்றேன். தம்பி சொன்ன அந்த லாரிக் கண்ணாடியிலருந்து ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம."

மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அடுத்த ஆரஞ்சை எடுத்தாள்.

"ரம்பத்துக்குப் பல்லு தீட்டி வெச்சியாடா?" என்றது சுவர்.

"தீட்டியாச்சு மாமா."

"ஒழுங்கா தீட்டியிருக்க மாட்டே" என்றது சுவர்.