ஆணி பிடுங்கிய கூலி

குதிரைக்கு லாடம் கட்டும் ஜெபதாஸ், ஒரு காலுக்கு நானூறு ரூபாய் கேட்டார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் சுதாகர், பள்ளிப்பட்டில் மாடுகளுக்கு லாடம் கட்டுபவரிடம் காலுக்கு நூற்றைம்பதுக்கு வேலையை முடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் குதிரை முன்காலை ஊன்றவில்லை.

வேறு வழியின்றி ஜெபதாஸைத் திருத்தணியில் உள்ள தன் கொட்டகைக்கு அழைத்தார். அவர் பிடுங்கிய ஆணியோடு சீழும் வந்தது.

"மாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சி சதையில எறக்கிட்டான். உன் புள்ளைக்கு மாட்டு டாக்டராண்ட ஊசி போடுவியா?"

"தப்புதாண்ணா. எவ்ளோ தரணும்?"

"ஒண்ணும் வாணாம். பத்து நாளு வெளிய ஓட்டாத, அதான் கூலி."

சுதாகரின் போன் அடித்தது. நாளைய கல்யாணத்தின் பெண் வீட்டார். குதிரை அந்தக் காலைத் தூக்கியபடியே நின்றது.

"ஆங், காலைல குதிரை வந்துடும்ங்க" என்றார்.

ஜெபதாஸ் கையை நீட்டினார்.

"அப்போ நானூறு குடு."